குடல் சீர்கெட்டால் கல்லீரலும் கெடும்

மளிகைக் கடையில் நிற்பவர்களுக்கு வயிற்றுக் கோளாறு புதிதல்ல. காலை 6 மணிக்குக் கடை திறந்தால் பலகாரம் 10 மணிக்குத்தான். மதியச் சாப்பாடு, கூட்டம் குறைந்த பிறகு 3 மணிக்கோ 4 மணிக்கோ. இடையில் கணக்கில்லாமல் டீ. இரவு ஷட்டரை இறக்கி, கல்லாவை எண்ணி, வீடு போய்ச் சேரும்போது மணி 11. பசித்த வேகத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கை. வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர், நெஞ்சு எரிந்தால் ஒரு மாத்திரை. நம்மில் பெரும்பாலோரின் அன்றாட நடைமுறை இதுதான்.

வயிற்றுக் கோளாறைச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்கிவிடுவது நமது பழக்கம். ஆனால் குடலில் நடப்பது குடலோடு நின்றுவிடுவதில்லை. அது கல்லீரல் வரை போகிறது. கல்லீரல் மிகவும் கெட்டுவிட்டால் மூளை வரை போகிறது. குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் கல்லீரலுக்கும் உள்ள உறவைக் கடந்த 20 ஆண்டுகளில் மருத்துவ உலகம் நன்றாகப் புரிந்துகொண்டு வருகிறது. வணிகர்களாகிய நாம் அதை அறிந்துகொள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நமது உடல் நலம் ஒன்று. நாம் விற்கும் சரக்கு மற்றொன்று.

கல்லீரலுக்கு வரும் பாதை

கல்லீரல் நம் உடலின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது. வலது விலா எலும்புகளுக்குக் கீழே, சுமார் ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது. இதற்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. ஏறக்குறைய கால் பங்கு, இதயத்திலிருந்து தமனி வழியாக வருகிறது. மீதி முக்கால் பங்கு, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் நேரே வரும் போர்ட்டல் இரத்தக்குழாய் வழியாக வருகிறது.

மண்டிக்கு லாரியில் வந்த சரக்கை அப்படியே கடைக்கு அனுப்பிவிட மாட்டோம். முதலில் குடோனில் இறக்கி, பிரித்துப் பார்த்து, கல்லும் தூசியும் நீக்கி, தரம் பிரித்த பிறகே வெளியே விடுவோம். உடலும் அப்படியே செய்கிறது. சோற்றிலிருந்து வந்த சர்க்கரை, பருப்பிலிருந்து வந்த புரதச் சத்து, விழுங்கிய மாத்திரை, குடித்த மது, உணவோடு வந்த நஞ்சு என்று குடல் உறிஞ்சியவற்றில் பெரும்பகுதி முதலில் கல்லீரலுக்கே போகிறது. கல்லீரல் நல்லதைச் சேமித்து, கெட்டதை முறித்து, சுத்தமான இரத்தத்தை இதயத்துக்கு அனுப்புகிறது. இரத்தத்தோடு தப்பி வரும் கிருமிகளைப் பிடித்து விழுங்குவதற்கென்றே குப்ஃபர் செல்கள் என்னும் காவல் செல்கள் கல்லீரலில் இருக்கின்றன.

ஆகவே குடலிலிருந்து வருவது ஓரளவு சுத்தமாக இருக்கும் வரை கல்லீரலுக்குச் சிரமம் இல்லை. குடலே கெட்டுப்போய், நாள் தவறாமல் கழிவுச் சரக்கு வந்து இறங்கினால்தான் தொல்லை.

குடலில் குடியிருப்போர்

ஒரு மனிதனின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் அவை செய்யும் வேலை பெரிது.

நாம் உண்ணும் நார்ச்சத்தை நம் குடலால் செரிக்க முடியாது. பாக்டீரியாக்கள்தான் அதைப் புளிக்க வைத்துச் சில நல்ல அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய உணவாகும். உட்சுவர் உறுதியாக இருந்தால் கிருமிகளும் அவற்றின் நஞ்சும் இரத்தத்துக்குள் புகுவதில்லை. இது தவிர, சில வைட்டமின்களை உண்டாக்குவதும், கல்லீரல் அனுப்பும் பித்தநீரிலுள்ள உப்புக்களை மாற்றியமைப்பதும் இவைதான். அந்தப் பித்த உப்புக்களில் சுமார் 95 சதவீதம் குடலால் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. கல்லீரல் குடலுக்கு அனுப்புகிறது, குடல் கல்லீரலுக்குத் திருப்பி அனுப்புகிறது. நீண்ட நாள் வாடிக்கை வைத்திருக்கும் இரு கடைகளைப் போன்றது இந்தக் கொடுக்கல் வாங்கல்.

குடலில் நன்மை செய்யும் இனங்கள் குறைந்து, தீமை செய்யும் இனங்கள் பெருகும் நிலையைத்தான் நுண்ணுயிர்ச் சமநிலைக் குறைவு என்கிறார்கள். நார்ச்சத்து இல்லாத உணவு, அதிகச் சர்க்கரை, மது, தேவையின்றி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. அப்போது குடல் சுவரின் இணைப்புகள் தளர்கின்றன. சிலவகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள எண்டோடாக்ஸின் என்னும் நஞ்சு, போர்ட்டல் குழாய் வழியாகக் கல்லீரலைப் போய்ச் சேர்கிறது. காவல் செல்கள் அதை எதிர்த்துப் போராடுகின்றன. ஒருநாள் இருநாள் என்றால் பரவாயில்லை. வருடக்கணக்கில் போராட்டம் நீடித்தால் கல்லீரலில் நிரந்தர அழற்சி உண்டாகி, தழும்பு விழத் தொடங்குகிறது. தழும்பு முற்றிய நிலையே சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுக்க நோய்.

நாய்களில் தெரிந்த உண்மை

குடலுக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் தெரியவந்தது ரஷ்யாவில். நிக்கோலாய் எக் என்ற அறுவை மருத்துவர் 1877இல் ஒரு சோதனை செய்தார். நாய்களின் போர்ட்டல் குழாயைக் கல்லீரலுக்குப் போகாதபடி திருப்பி, இதயத்துக்குப் போகும் பெரிய குழாயோடு நேராக இணைத்தார். பின்னாளில் 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவும் அவருடைய சகாக்களும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இந்தச் சோதனையைத் தொடர்ந்து செய்து, 1893இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அப்படி இணைக்கப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றால் தள்ளாடின, மூர்க்கமாயின, சில மயங்கி விழுந்தன. குடலிலிருந்து வந்த கழிவு, கல்லீரலில் சுத்தமாகாமல் மூளைக்குப் போனதுதான் காரணம். புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியா அந்தக் கழிவுகளில் முக்கியமானது. அதில் கணிசமான பகுதியைக் குடல் பாக்டீரியாக்களே உண்டாக்குகின்றன.

மனிதர்களிடமும் இதே கதைதான் என்பதை 1954இல் லண்டனில் ஷீலா ஷெர்லாக் என்ற புகழ்பெற்ற கல்லீரல் நிபுணரும் அவர் குழுவினரும் விளக்கினார்கள். சிரோசிஸ் நோயில் கல்லீரல் கல்லைப் போல் இறுகிவிடுவதால் குடல் இரத்தம் உள்ளே நுழைய முடியாமல் பக்க வழிகளைத் தேடிக்கொண்டு மூளைப் பக்கம் போய்விடுகிறது. நோயாளி தடுமாறுகிறார், பகலில் தூங்கி இரவில் விழிக்கிறார், முற்றினால் நினைவு இழக்கிறார்.

இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம்தான் நாம் கவனிக்க வேண்டியது. மூளைக்கு மருந்து கொடுக்கவில்லை, குடலுக்குக் கொடுத்தார்கள். 1950களில் குடல் பாக்டீரியாக்களைக் குறைக்க நியோமைசின் கொடுத்தார்கள். 1966இல் லாக்டுலோஸ் என்னும் இனிப்பு மருந்து பயன்படும் என்று தெரிந்தது. இந்தச் சர்க்கரையை நம் உடல் செரிப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. குடலில் புளிப்பு ஏறுவதால் அம்மோனியா இரத்தத்துக்குள் புகாமல் தங்கி, மலத்தோடு வெளியேறுகிறது. இன்றைக்கும் முதல் மருந்து இதுதான். 2010இல் 299 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், குடலை விட்டு அதிகம் வெளியேறாத ரிஃபாக்ஸிமின் என்னும் ஆன்டிபயாடிக் 6 மாதம் கொடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கே மயக்கம் திரும்ப வந்தது. அது கொடுக்கப்படாதவர்களில் 46 சதவீதம் பேருக்கு வந்தது. குடல் நுண்ணுயிர்களைச் சீர்செய்தால் கெட்ட கல்லீரலோடும் மனிதனைத் தெளிவாக வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கணக்கு தவறும் நோய்

இந்த நோயின் தொடக்க நிலை வணிகர்களுக்கு மிகவும் ஆபத்தானது. ஏனெனில் அது நோய் போலவே தெரியாது. கூட்டல் கழித்தல் தவறும். பாக்கிச் சில்லறை மாற்றிக் கொடுக்கப்படும். நேற்று யாருக்குக் கடன் கொடுத்தோம் என்பது மறக்கும். கையெழுத்து கோணலாகும். காசோலையில் போட்ட கையெழுத்து வங்கியிலுள்ள மாதிரியோடு பொருந்தாமல் போகும். “முதலாளிக்கு வயதாகிவிட்டது”, “வியாபாரக் கவலை” என்று வீட்டாரும் கடை ஊழியர்களும் விட்டுவிடுவார்கள்.

இதைக் கண்டறிய டாக்டர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு தாளில் 1 முதல் 25 வரையுள்ள எண்கள் வட்டங்களுக்குள் கலைந்து கிடக்கும். அவற்றை வரிசைப்படி கோடு போட்டு இணைக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். இரு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொல்வார்கள். நோய் முற்றியவருக்குக் கை பறவைச் சிறகு போல அடித்துக்கொள்ளும். கல்லீரல் நோய் உள்ளவருக்கு மலச்சிக்கல் ஏற்பட்டாலோ, தூக்க மாத்திரை சாப்பிட்டாலோ இந்த நிலை திடீரென்று வந்துவிடலாம். அத்தகையவர் வீட்டில் இருந்தால், அவரது கணக்குப் புத்தகத்தை யாராவது ஒருவர் அவ்வப்போது புரட்டிப் பார்ப்பது நல்லது. அது சந்தேகப்படுவது ஆகாது. அதுவும் ஒரு மருத்துவப் பரிசோதனைதான்.

“நான் குடிப்பதே இல்லை”

கல்லீரல் கெட்டது என்றால் உடனே மதுவைத்தான் நினைக்கிறோம். மது குடல் சுவரையும் கெடுத்து, கல்லீரலையும் நேராகத் தாக்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. கொள்முதல் பேசி முடித்த சந்தோஷத்துக்கு ஒன்று, மாநாட்டுக்குப் போன இடத்தில் ஒன்று என்று தொடங்கி, தினப்பழக்கமாகி, குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவர்களை நம் வட்டாரத்திலேயே பார்க்கிறோம். அதை மூடி மறைத்துப் பேசிப் பயன் இல்லை.

ஆனால் ஒரு சொட்டு மது தொடாதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது கொழுப்புக் கல்லீரல் நோய். தொப்பை, சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, இரத்தத்தில் கொழுப்பு ஆகியவற்றோடு சேர்ந்தே இது வருகிறது. அதனால்தான் 2023இல் உலகக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள், “மதுவால் வராத” என்ற அடைமொழியை நீக்கி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு தொடர்புபடுத்தி இந்நோய்க்குப் புதிய பெயர் சூட்டின. நமது மத்திய அரசும் 2021இல், சர்க்கரை, இருதய நோய், புற்றுநோய் ஆகியவற்றைத் தடுக்கும் தேசியத் திட்டத்தில் இதையும் சேர்த்தது. நம் நாட்டவருக்கு ஒல்லியான உடம்பிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு உண்டு. எனவே எடை அதிகமில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இதிலும் குடல் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு. சீனாவில் ஒருவருக்குக் கல்லீரலில் கடுமையான கொழுப்பு நோய். குடிக்காமலே இரத்தத்தில் மது ஏறியிருந்தது. ஆராய்ந்து பார்த்ததில், அவரது குடலில் இருந்த கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவின் ஒரு வகை, அவர் உண்ட மாவுச்சத்தையும் சர்க்கரையையும் அதிக அளவில் சாராயமாக மாற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்து எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளின் கல்லீரலிலும் கொழுப்பு படிந்தது. 2019இல் வெளியான ஆய்வு இது. எல்லோருக்கும் இப்படி நடப்பதாகக் கொள்ள வேண்டாம். ஆனால் உணவு குடலில் என்னவாக மாறுகிறது என்பது அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களையும் பொறுத்தது என்பதை இது காட்டுகிறது.

சீனாவின் ஹாங்சோ நகரிலிருந்து 2014இல் வந்த மற்றோர் ஆய்வும் கவனிக்கத்தக்கது. 98 சிரோசிஸ் நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களை 83 ஆரோக்கியமானவர்களின் நுண்ணுயிர்களோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடம் பெருகியிருந்த இனங்களில் பாதிக்கு மேல், வாயில் வாழ வேண்டியவை! வாய்க்கும் குடலுக்கும் நடுவே இரைப்பையின் அமிலம் காவல் நிற்கிறது. பல்லும் ஈறும் கெட்டு, காவலும் தளர்ந்தால், வாயிலுள்ள கிருமி குடலுக்குக் குடிபெயர்கிறது. நெஞ்செரிச்சலுக்கு என்று அமிலத்தை அடக்கும் மாத்திரையை, டாக்டரைக் கேட்காமலேயே மாதக்கணக்கில் விழுங்கும் வணிக நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விற்பது ஒன்று, உண்பது ஒன்று

மூட்டை மூட்டையாகப் பச்சைப் பயறும் கொண்டைக்கடலையும் கேழ்வரகும் நம் கடையில் இருக்கின்றன. ஆனால் கடையை அடைத்துவிட்டு நாம் சாப்பிடுவது மைதா பரோட்டா. ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலின்படி, 100 கிராமில் உள்ள நார்ச்சத்து: புழுங்கல் அரிசியில் 4 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம், முழுப் பச்சைப் பயறில் சுமார் 17 கிராம், முழுக் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம். 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு கைப்பிடிச் சுண்டல், ஒரு வேளைக் கேழ்வரகு, கீரையும் காய்கறியும், ஒரு கொய்யாப்பழம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். இதற்காக நாம் வெளியே போய் எதையும் வாங்க வேண்டியதில்லை.

டீக் கணக்கையும் பார்ப்போம். ஒரு டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு 6 டீ என்றால் 12 ஸ்பூன். ஏறக்குறைய 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2,000 கலோரி உண்பவருக்குச் சொல்லும் மேல் எல்லையே அவ்வளவுதான். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. இதன் மேல் மிட்டாயும் கூல்டிரிங்கும் சேர்ந்தால் மிச்சத்தில் ஒரு பகுதி கல்லீரலில் கொழுப்பாக இருப்பு வைக்கப்படுகிறது. சர்க்கரையில் பாதியாக உள்ள ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலில்தான் செலவாகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இட்லி, தோசை, தயிர், மோர் எல்லாம் நுண்ணுயிர் தயாரித்துக் கொடுக்கும் உணவுகள்தாம். இட்லி மாவில் உள்ள நுண்ணுயிர்கள் ஆவியில் வெந்ததும் இறந்துவிடும். ஆயினும் புளித்த மாவு எளிதில் செரிக்கும். தயிரிலும் மோரிலும் உயிருள்ளவை அப்படியே வயிற்றுக்குப் போகின்றன. மதிய வெயிலில் கூல்டிரிங் பாட்டிலை உடைப்பதற்குப் பதிலாக ஒரு செம்பு மோர் குடிப்பது செலவிலும் மிச்சம்.

நம் சரக்கில் நம் பொறுப்பு

குடல் வழியாகக் கல்லீரலைத் தாக்கும் பொருள் நம் குடோனிலேயே உண்டாகலாம். நிலக்கடலை, மக்காச்சோளம், வற்றல் மிளகாய் ஆகியவை ஈரப்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகிறது. 1974இல் குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற சுமார் 400 பேருக்கு மஞ்சள் காமாலையோடு கல்லீரல் கெட்டது. 106 பேர் இறந்தார்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுமையாகப் போவதில்லை. நாள்பட்டுச் சிறிது சிறிதாக உள்ளே போனால் கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணமாகிறது.

ஆகவே மூட்டைகளைச் சுவரோடு ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவது, நன்கு காய்ந்த சரக்கையே கொள்முதல் செய்வது, சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சணம் பிடித்த கடலையைப் பொறுக்கி ஒழித்துவிடுவது ஆகியவை நம் கடமை. “எண்ணெய் ஆட்ட ஆகும்” என்று அதைச் செக்குக்கு அனுப்புவது, ஒருவருடைய கல்லீரலை எடை போட்டு விற்பதற்குச் சமம். லாபம் சில ரூபாய், பாவம் பெரிது.

புரோபயாடிக் என்று அச்சிட்ட தயிரும் பானமும் இப்போது நம் கடைகளுக்கு வருகின்றன. குறிப்பிட்ட எண்ணிக்கையில் உயிருள்ள நுண்ணுயிர் இருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். அவை உயிரோடு இருக்க வேண்டுமானால் குளிர்ச்சி விடாமல் இருக்க வேண்டும். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் பிரிட்ஜை நிறுத்தினால் விற்பது வெறும் புளித்த பால்தான். மேலும், இவற்றைக் கொழுப்புக் கல்லீரலுக்கு மருந்து என்று சொல்லி விற்கக் கூடாது. அந்த நோய்க்கு எந்தப் புரோபயாடிக்கும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையாக இன்னும் ஏற்கப்படவில்லை. “ஈரலைச் சுத்தம் செய்யும்” என்று விளம்பரத்தோடு வரும் பொடிகளையும் டானிக்குகளையும் பற்றியும் இதே எச்சரிக்கை. மூலிகை என்பதால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. மூலிகை மருந்துகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வருவோர் உண்டு. தெரியாத சரக்குக்கு நாம் வாய்ச்சாட்சி சொல்ல வேண்டாம்.

டெல்லியில் உள்ள கல்லீரல் மற்றும் பித்த அறிவியல் கழகத்தில், மதுவால் கல்லீரல் மிகவும் கெட்ட 8 பேருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குழாய் வழியாகச் செலுத்திப் பார்த்து, நம்பிக்கை தரும் முடிவுகளை 2017இல் வெளியிட்டார்கள். கேட்பதற்கு அருவருப்பாக இருந்தாலும், உயிர் காக்கும் வழியாக இது ஆராயப்பட்டு வருகிறது. ஆனால் அந்த நிலை வரை போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

செய்ய வேண்டியவை

1. இரவு உணவைக் கடையிலேயே 8 மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரட்டும். வீடு போய்ச் சேர்ந்தபின் பசித்தால் ஒரு டம்ளர் மோரோ பழமோ போதும். ஏற்கெனவே சிரோசிஸ் உள்ளவர்கள் மட்டும் நீண்ட நேரம் பட்டினி கிடக்கக் கூடாது. அவர்கள் டாக்டர் சொல்லும் நேரப்படி உண்ண வேண்டும்.

2. தினம் ஒரு வேளையாவது முழுப்பயறோ சிறுதானியமோ சேர்த்துக்கொள்வோம். நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

3. டீயின் எண்ணிக்கையையும் சர்க்கரையையும் பாதியாக்குவோம். சர்க்கரை குறைத்த காபி கல்லீரலுக்கு நல்லது என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன.

4. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் தானாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாட்கள் முழுவதும் சாப்பிட வேண்டும்.

5. கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவர் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். காலையில் கடைக்கு அரை மணி நேரம் நடந்தே வந்தால் 5 நாளில் கணக்கு முடிந்துவிடும். பருமனாக இருப்பவர் உடல் எடையில் 5 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ உள்ளவருக்கு 4 கிலோ முதல் 8 கிலோ வரை, அவ்வளவுதான்.

6. இரவு படுக்கும் முன் பல் துலக்குவோம். புகையிலையையும் மதுவையும் விட்டொழிப்போம்.

ஆண்டுக் கணக்கோடு உடல் கணக்கு

கொழுப்புக் கல்லீரல் நோய்க்கு வலி கிடையாது. நோட்டீஸ் அனுப்பாமல் நேராக ஜப்திக்கு வரும் கடன்காரன் அது. கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளான பிறகு டாக்டரிடம் போனால் தழும்பு விழுந்து முடிந்திருக்கும். தொடக்க நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் உணவாலும் நடையாலுமே மீண்டுவிடலாம்.

40 வயது கடந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், தொப்பை உள்ளவர்கள் ஒருமுறை வயிற்று ஸ்கேனும் கல்லீரல் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். வயது, இரு கல்லீரல் நொதிகளின் அளவு, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கு எண்களைக் கொண்டு, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு உண்டா என்று டாக்டர் கணக்கிட்டுவிடுவார். சாதாரண இரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவுதான். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் பரிசோதனையையும் அப்போதே முடித்துக்கொள்ளலாம். குடலுக்குச் சம்பந்தம் இல்லாமல் கல்லீரலைக் கெடுப்பவை அவை.

மார்ச் மாதம் வந்தால் இருப்பு எடுத்து, பேரேட்டைச் சரிபார்த்து, ஆண்டுக் கணக்கை முடிக்கிறோம். அதே மாதத்தில் நமது ஒவ்வொரு கிளைச் சங்கமும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் உதவியோடு, உறுப்பினர்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் ஒரு கல்லீரல் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதலாளியோடு அதே நேரத்தில் நின்று, அதே நேரம் தவறிச் சாப்பிடுகிற ஊழியரின் கல்லீரலுக்கும் அதே ஆபத்துதான். அவரையும் வரிசையில் நிறுத்துங்கள். முகாமுக்கு வரும் அரை நாள் கடையடைப்பால் பெரிய நஷ்டம் வந்துவிடாது. வராமல் போனால் ஏற்படக்கூடிய நஷ்டத்தை எந்தப் பேரேட்டிலும் ஈடுகட்ட முடியாது.